ஒரு றோசுக்கு ஒன்றரை மஞ்சள்

ஒரு றோஸ் நிறச் சாப்பாட்டு ரோக்கனுக்கு ஒன்றரை மஞ்சள் ரோக்கன் என்று சங்கக் கூட்டத்தில் கை உயர்த்தியவர்களில் ஒருவர்கூட அந்த அரையை எப்படிக் கொடுப்பது என்று கேட்கவில்லை. கேட்காததன் பலன் ஞாயிற்றுக்கிழமை காலையில் தில்லையம்பலத்தின் மேசைக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு மனுசி ஒரேயொரு றோஸ் ரோக்கனை நீட்டினாள். அவர் ஒரு மஞ்சளை எடுத்துக் கொடுத்தார். மனுசி விரித்த கையை மடக்கவில்லை.

"மற்ற அரை?" என்றாள்.

தில்லையம்பலம் மஞ்சள் ரோக்கன் ஒன்றைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்னால் தாச்சியடியில் நின்ற சமையல்காரன் பஸ்ரியன் சத்தமாகச் சொன்னான்.

"வெட்டிக் குடுங்கோ அண்ணை. பாதி ரோக்கனுக்குப் பாதி வடை நான் தாறன். நடு ஓட்டையை ஆரின்ர கணக்கில போடுறதெண்டு மட்டும் சொல்லுங்கோ."

வரிசை சிரித்தது. தில்லையம்பலத்துக்குக் காது சுட்டது. ஆட்கள் சிரித்தால் அவருக்குக் காது சுடும். காது சுட்டால் என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரியாது. அரையை முழுசாக்கி, ஒரு றோசுக்கு இரண்டு மஞ்சள் என்று கொடுத்துவிட்டார்.

இதற்கெல்லாம் காரணம் ஐரோப்பா.

ஊரில் மருதந்திட்டிக்கும் கூவிலடிக்கும் நடுவில் ஒரு றோட்டுத்தான். ரொறன்ரோவில் அதுவும் இல்லை. இரண்டு ஊர்ச் சனமும் ஸ்காபரோவில் ஒரே கட்டடங்களில் இருந்து, ஒரே லிப்ற்றில் ஏறி இறங்கினார்கள். ஆனாலும் ஒருவரையொருவர் தெரியாது. சங்கம் தனி, கோடைகால ஒன்றுகூடல் தனி, அங்கே சாப்பாடு வாங்குகிற ரோக்கனும் தனி. மருதந்திட்டிக்குப் பச்சை, கூவிலடிக்கு றோஸ். பார்க்கில் கொட்டகை எடுக்கிற காசு ஒவ்வொரு வருசமும் ஏறியதால், 1999ஆம் ஆண்டுக் கோடையில் இரண்டு சங்கமும் ஒன்றாகச் செய்வதென்று பேசிக்கொண்டன.

கூவிலடிச் சங்கத் தலைவர் பொன்னம்பலத்தின் தம்பி ஜேர்மனியில் இருந்தார். தை மாதத்திலிருந்து பதினொரு நாடுகள் ஒரே காசுக்கு மாறிவிட்டன என்றும், தாள் அச்சடித்துக் கைக்கு வர இன்னும் வருசங்கள் கிடந்தாலும் கணக்கு மாறிவிட்டது என்றும் தம்பி சொன்னதை வைத்துப் பொன்னம்பலம்தான் கூட்டத்தில் விளக்கினார். மார்க்குக்கு இவ்வளவு, பிராங்குக்கு இவ்வளவு என்று பூட்டியாகிவிட்டதாம். இனி ஒருவராலும் அதை அசைக்க முடியாதாம்.

"அந்தப் பெரிய நாடுகளே தங்கட காசைக் கைவிடுகினம். நாங்கள் ஒரு ரோக்கனைக் கைவிட மாட்டமோ?" என்று அவர் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

புது ரோக்கனில் என்ன படம் போடுவது என்பதில்தான் வாய் திறந்தது. மருதந்திட்டிக்காரர் தங்கள் பள்ளிக்கூடம் என்றார்கள். கூவிலடிக்காரர் தங்கள் கோயில் கோபுரம் என்றார்கள். அதற்கும் பொன்னம்பலத்திடம் ஐரோப்பா இருந்தது. அங்கேயும் இதே சண்டை வரும் என்று பயந்து, எந்த நாட்டிலும் இல்லாத பாலங்களைப் படமாகப் போடப் போகிறார்களாம். ஆகவே மஞ்சள் அட்டையில் ஒரு பாலம் போடப்பட்டது. இரண்டு ஊரிலும் பாலம் கிடையாது. அதனால் சண்டையும் வரவில்லை.

போன வருசம் பச்சைக்கு ஒரு மட்டன் றோல்சும் தேத்தண்ணியும் கிடைத்தன. றோசுக்கு இரண்டு வடை. இதை வைத்து, மண்டபம் பூட்டுகிறவன் வந்து சாவியை ஆட்டும்வரை வாதாடி, பச்சைக்கு இரண்டு மஞ்சள், றோசுக்கு ஒன்றரை மஞ்சள் என்று பூட்டினார்கள்.

மருதந்திட்டிக்காரரான தில்லையம்பலம் அன்றைக்கு மெத்தை பக்ரறியில் ஓவர்டைம் முடித்துக் கூட்டத்துக்குப் பிந்தித்தான் வந்தார். நல்ல வேலைகளை எல்லாம் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது பழைய ரோக்கனை வாங்கிப் புதியதைக் கொடுக்கிற மேசை. மாட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு ஓம் என்றார். அவருடைய சீவியத்தில் பல காரியங்கள் அப்படித்தான் நடந்திருந்தன.

வேறொரு நாள் என்றால் இந்த மேசை அவருக்குப் பெரிய பாரமாக இருந்திராது. ஆனால் அன்றைக்கு மாப்பிள்ளை பகுதி வர இருந்தது.

மகள் நிரூபாவுக்கு இருபத்தெட்டு வயது. முன்னே இரண்டு சம்பந்தம் வந்து, இரண்டும் தில்லையம்பலத்தின் வாயால் போயின. முதலாவது வீட்டாரிடம், வந்தவர்கள் வாய் மூடி இருக்கிறார்களே என்ற பதட்டத்தில், தன் மகளுக்குக் கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டாள் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பாவைத் தகப்பன் என்று நினைத்து முழு நேரமும் அவரோடேயே கதைத்தார். இப்போது வந்திருக்கிற யசிந்தனை நிரூபாவுக்குப் பிடித்திருந்தது. ரெலிபோனில் இருவரும் கதைக்கத் தொடங்கி மாதமாகிறது. சிரித்துச் சிரித்துக் கதைக்கிறாள் என்று மனைவி யோகமலர் குசினிக்குள் வைத்து அவருக்குச் சொன்னாள். அன்றைக்குக் காலையில் வேலைக்குப் போகும்போது நிரூபா சப்பாத்தைக் கட்டிக்கொண்டே ஒன்றுதான் சொன்னாள்.

"அப்பா, இந்த முறை நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ. பிளீஸ்."

மகள் தன்னைப் பார்க்காமல் சப்பாத்தைப் பார்த்துச் சொன்னது அவருக்குள் கிடந்து குத்தியது.

சம்பந்தம் பேசி வந்தவர் ஒஷாவாவில் இருக்கும் சச்சிதானந்தன். மாப்பிள்ளையின் தாய் தகப்பன் கூவிலடி ஆட்கள், மிசிசாகாவில் இருக்கிறார்கள், இந்த வருசந்தான் சங்கத்தில் சேர்ந்தவர்கள், ஒன்றுகூடலுக்குச் சும்மா வருவதுபோல வந்து குடும்பத்தைப் பார்ப்பார்கள் என்று அவர் ரெலிபோனில் சொல்லியிருந்தார். தகப்பனுடைய பெயரையும் சொன்னார். பக்ரறியில் ஸ்பிரிங் வளைக்கிற மெசினுக்குப் பக்கத்தில் நின்று கேட்ட பெயர், மெசினோடு போய்விட்டது. திரும்பக் கேட்கத் தில்லையம்பலத்துக்கு வெட்கம். தானும் நேரத்துக்கு வந்து காட்டித் தருவேன் என்று சச்சிதானந்தன் சொன்னதால் விட்டுவிட்டார். இப்போது பதினொரு மணி ஆகியும் சச்சிதானந்தனைக் காணவில்லை.

றோசுக்கு இரண்டு மஞ்சள் என்ற செய்தி வரிசையின் கடைசிக்குப் போய்த் திரும்பி வந்தது. வரும்போது மருதந்திட்டிக்காரரின் கோபத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. தங்கள் பச்சையும் அவர்களுடைய றோசும் ஒரே விலையோ என்று கேட்டார்கள். அது நியாயந்தான். தில்லையம்பலம் பச்சைக்கு மூன்று என்று ஏற்றினார். அப்படியானால் முன்னே மாற்றியவர்களுக்கு நட்டம் என்று முன்னே மாற்றியவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கும் ஒவ்வொன்று கூட்டிக் கொடுத்தார். மஞ்சள் ரோக்கன் கட்டு, சூட்டில் உருகுகிறதுபோலக் குறைந்துகொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் அவர்கள், ஒரு மனிசரும் ஒரு அம்மாவும், வந்தார்கள்.

அவர் போட்டிருந்தது நல்ல வெள்ளைச் சேட்டு, தங்க விளிம்புக் கண்ணாடி. அந்த அம்மா வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, கசங்காத சேலை உடுத்திருந்தா. இரண்டு பேரும் ஒருவரோடும் கதைக்காமல், கொட்டகையை, சமையலை, சனத்தை எல்லாம் மெல்ல மெல்லப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். சும்மா வந்து பார்ப்பார்கள் என்று சச்சிதானந்தன் சொன்னது தில்லையம்பலத்தின் காதில் கேட்டது. கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

வெள்ளைச் சேட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து றோஸ் ரோக்கன்களை எடுத்தார். "இங்க சாப்பாடு நடக்குதெண்டு சொல்லிச்சினம். உது இங்க எடுபடுமோ?"

"உங்கட எடுபடாட்டி வேற ஆரின்ர எடுபடும் அண்ணை," என்றார் தில்லையம்பலம். ஒரு றோசுக்கு மூன்று மஞ்சளாக எண்ணாமலே அள்ளிக் கொடுத்தார்.

பெயரைக் கேட்கலாம். ஆனால் பெண் கொடுக்கப் போகிறவன் சம்பந்தியின் பெயரே தெரியாமல் நிற்கிறான் என்று நினைத்தால் என்ன செய்வது? ஆகவே சுற்றி வளைத்தார். மிசிசாகாப் பக்கம் றோட்டு எப்படி என்று கேட்டார்.

"அங்கால இண்டைக்கு நெருக்கமாம்," என்றார் அவர்.

அந்த அம்மா, பிள்ளைகள் வரவில்லையோ என்று கேட்டா. மகள் வேலைக்குப் போய்விட்டாள், பின்னேரம் வருவாள் என்று தில்லையம்பலம் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் சொல்லிவிடாதபடி பல்லைக் கடித்துக்கொண்டார். "ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போற பிள்ளை. கெட்டிக்காரிதான்," என்றா அந்த அம்மா. தில்லையம்பலத்துக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது.

அவர்கள் கொத்துரொட்டியும் றோல்சும் வாங்கி நிழலில் இருந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்து அவர் திரும்ப வந்து, தங்கள் ஆட்கள் இன்னும் கொஞ்சப்பேர் நிற்கிறார்கள், அவர்களும் வரலாமோ என்று கேட்டார். மாப்பிள்ளையின் இனசனம் முழுக்க வந்து பார்க்கிறதென்றால் காரியம் முற்றிவிட்டது என்றுதான் அர்த்தம்.

"கேக்கவும் வேணுமோ. எல்லாரையும் வரச்சொல்லுங்கோ," என்றார் தில்லையம்பலம்.

வந்தார்கள். குடும்பம் குடும்பமாக றோஸ் ரோக்கன்களோடு வந்தார்கள். கூவிலடியில் இத்தனை சனமா என்று தில்லையம்பலத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. யார் சம்பந்தியின் ஆள், யார் சும்மா கூவிலடி ஆள் என்று பிரிக்கத் தெரியாமல் எல்லாருக்கும் மூன்று கொடுத்தார். அதைப் பார்த்த பச்சைக்காரர் நாலு கேட்டார்கள்.

பழைய ரோக்கன்கள் எங்கே இருந்துதான் புறப்பட்டன என்று தெரியவில்லை. சில வருசத்துக்கு முன் ஒருநாள் மழை கொட்டி ஒன்றுகூடல் பாதியில் குழம்பியபோது, பாவிக்காத ரோக்கன் அடுத்த வருசமும் செல்லும் என்று இரண்டு சங்கமும் அறிவித்திருந்தன. அந்த அறிவித்தலைப் பிறகு ஒருவரும் திருப்பி வாங்கவில்லை. சாப்பாடு எழுதிய கடதாசியை எறிகிற பழக்கம் இரண்டு ஊருக்கும் இல்லை. கைப்பைகளுக்குள்ளும் குளிர்க் கோட்டுப் பைகளுக்குள்ளும் கிடந்ததெல்லாம் அன்றைக்கு வெயில் கண்டது.

வரிசையில் ஒரு மனுசி சேலைத் தலைப்பை முக்காடுபோல இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வைத்தபடி ஒரு பச்சைக் கட்டை மேசையில் வைத்தாள். றப்பர் பாண்ட் போட்ட கட்டு. அந்தக் கையைத் தில்லையம்பலத்துக்குத் தெரியும்.

"யோகம்," என்றார் மெதுவாக. "இது எங்கால?"

"சும்மா சேர்ந்து போச்சு."

"நான் மாத்துற மேசையில இருக்கிறன். நீர் கட்டுக் கட்டாக் கொண்டு வாறீர்."

"அப்ப செல்லாமப் போகட்டோ? எல்லாரும் மாத்துகினம். நீங்கள் இருக்கிற மேசையில நான் மட்டும் மாத்தக்கூடாதெண்டு எந்தச் சட்டத்தில கிடக்கு?"

பின்னால் நின்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ரோக்கன் மாற்றுகிறவரின் மனுசியே கட்டு வைத்திருக்கிறாள் என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். காது சுட்டது. மாற்றினால் கள்ளன், மாற்றாவிட்டால் வீட்டில் இன்று சோறு இல்லை. மாற்றினார். அதோடு மஞ்சள் ரோக்கன் முடிந்தது.

வரிசையோ மேசையிலிருந்து கார்கள் நிற்கிற இடம்வரை கிடந்தது. தில்லையம்பலம் யோசித்தார். கடதாசிப் பிளேட் அடுக்கு ஒன்றை இழுத்து, ஒரு பிளேட்டின் முதுகில் "தி" என்று எழுதிக் கீழே கோடு போட்டார். இது நாலு மஞ்சளுக்குச் சமன், நேரே போய்ச் சாப்பாடு வாங்கலாம் என்றார். சனம் ஏற்றுக்கொண்டது. அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தன் ஒரு எழுத்துக்கு ஒரு கொத்துரொட்டி கிடைக்கிறதென்றால் சும்மாவா.

ஆனால் பேனை எல்லாரிடமும் இருந்தது. பிளேட்டும் ஊஞ்சலடிவரை கிடந்தது. கொஞ்ச நேரத்தில் பஸ்ரியன் அவரைக் கூப்பிட்டு, வந்த பிளேட்டுகளைக் காட்டினான். ஒரு "தி" சரிந்து கிடந்தது. இன்னொன்றுக்குக் கோடு மேலே இருந்தது. ஒன்றில் "தீ" என்றே இருந்தது.

"அண்ணை, பசியில கொஞ்சம் இழுத்து எழுதிப்போட்டியள் போல," என்றான் பஸ்ரியன்.

இதை நிற்பாட்ட ஒரே வழி, கெதியாக மூடுவதுதான் என்று தில்லையம்பலம் முடிவெடுத்தார். ஓட்டப் போட்டிக்கு வைத்திருந்த ஒலிபெருக்கியை வாங்கி, பழைய ரோக்கன் இன்னும் பத்து நிமிசந்தான் செல்லும், அதற்குப் பிறகு பச்சையும் இல்லை றோசும் இல்லை என்று அறிவித்தார். கயிறிழுத்துக்கொண்டு நின்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒரு பக்கம் விட்டதால் மற்றப் பக்கம் புல்லில் விழுந்தது. விழுந்தவர்களும் எழுந்து ஓடி வந்தார்கள். சாப்பிட்டு முடித்து ஏவறை விட்டவர்கள்கூட, செல்லாமல் போகுமோ என்ற பயத்தில் இன்னொரு தரம் சாப்பிட வந்தார்கள்.

பொன்னம்பலம் சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். மஞ்சளாக மாறியபிறகு எது எந்த ஊர் ரோக்கன் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் கண்டதெல்லாம் முன்பின் தெரியாத முகங்கள் சாப்பாட்டைக் காலி பண்ணுவதைத்தான்.

"தில்லையம்பலத்தார், உங்கட ஊரில இவ்வளவு சனம் எப்ப பிறந்தது?"

"அதை நான் உங்களிட்டக் கேக்க இருந்தனான்," என்றார் தில்லையம்பலம்.

பொன்னம்பலம் பூட்டிய விலையை யார் உடைத்தது என்று கேட்டார். ஐரோப்பாவில் இப்படிச் செய்தால் அரசாங்கமே விழுந்திருக்கும் என்றார். மருதந்திட்டிக்காரர் ஆட்களை இறக்கித் தின்னுகிறார்கள் என்றார். தில்லையம்பலத்துக்கும் சொல்ல இருந்தது. ஆனால் நிழலில் இருந்து அந்த வெள்ளைச் சேட்டுக்காரரும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியின் முன்னால், சம்பந்தியின் ஊர்த் தலைவரோடு சண்டை பிடிக்கிறதா? வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்கினார். வாங்கிக்கொண்டே நிழல் பக்கம் பார்த்துச் சிரித்தும் வைத்தார்.

சிரிப்பு முடிவதற்குள் பஸ்ரியனின் கரண்டி தட்டு அடியில் உரசுகிற சத்தம் கேட்டது. வடை இல்லை, றோல்ஸ் இல்லை, கொத்துரொட்டி ஒரு ஆளுக்குத்தான் காணும் என்றான். மாப்பிள்ளை பகுதியை அனுப்புகிற நேரத்தில் கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. சங்கத்தின் மானமும் வீட்டின் மானமும் அந்த ஒரு பிளேட்டில் நிற்பதாகத் தில்லையம்பலத்துக்குப் பட்டது.

அவர் போய்ச் சேருவதற்குள் பஸ்ரியன் அதை ஒருவருக்குப் போட்டுவிட்டான். வாங்கியவர் அறுபது வயதுக்காரர். வேலைச் சப்பாத்து, முழங்கால்வரை வெள்ளைத் தூசி, சேட்டில் ஏதோ கொம்பனியின் பெயர் தைத்திருந்தது. பிளேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கே இருக்கலாம் என்று பார்த்தபடி நின்றார்.

"ரோக்கன் குடுத்தனீங்களோ?" என்று தில்லையம்பலம் கேட்டார்.

"இல்லைத் தம்பி. வேலையால நேர வாறன். இங்க என்ன முறையெண்டு தெரியேல்லை."

"பசியோட நிக்கிறார் அண்ணை, விடுங்கோ," என்றான் பஸ்ரியன்.

விட்டிருக்கலாம். தில்லையம்பலமே ஆறு நாளும் அதே மாதிரிச் சப்பாத்தோடுதான் வீட்டுக்கு வருகிறவர். ஆனால் நிழலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தான் ஒழுங்கான மனிசன் என்று காட்ட அன்றைக்கு அவருக்கு வேறொரு வழியும் மிஞ்சியிருக்கவில்லை. அவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

"ரோக்கன் இல்லாமல் சாப்பாடு குடுத்தால் பிறகு சங்கம் எதுக்கு? முறை எல்லாருக்கும் ஒண்டுதான்."

பிளேட்டை வாங்கிவிட்டார். அந்த மனிசர் வெறுங்கை இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, கொட்டகை ஓரத்து வாங்கில் போய் இருந்தார். தில்லையம்பலத்துக்குக் காது சுடவில்லை. ஆனாலும் வாங்குப் பக்கம் பார்க்காமல், பிளேட்டோடு நிழலுக்கு நடந்தார்.

நிழலில், அந்த அம்மா வேண்டாம் என்று கை காட்டினா. பிறகு, ஆசையாகக் கொண்டு வந்திருக்கிறார் என்று வாங்கிச் சாப்பிடத் தொடங்கினா. தில்லையம்பலம் அவர்களுக்கு முன்னால் கை கட்டி நின்றார். யோகமலரும் கைப்பையோடு வந்து பக்கத்தில் நின்றாள். இனிமேலும் கதையாமல் நின்றால் அது மரியாதைக் குறைவு என்று அவருக்குத் தோன்றியது.

"இண்டைக்கு நடந்த குழப்பம் முழுக்க என்ர பிழை," என்றார். "எனக்கு மாட்டன் எண்டு சொல்லத் தெரியாது. அதைப் பாத்து எங்கட பிள்ளையையும் அப்பிடி நினைச்சிடாதேங்கோ. அவ தாயைப் போல."

யோகமலர் கைப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

வெள்ளைச் சேட்டுக்காரர் தலையை ஆட்டினார். "இதில என்ன கிடக்கு. இப்பிடி உபசரிச்ச சனத்தை நாங்கள் கண்டதில்லை," என்றார். தில்லையம்பலத்துக்குக் கண் கலங்கியது. நிரூபாவுக்கு இன்றைக்கு நல்ல செய்தி சொல்லலாம்.

அப்போதுதான் சச்சிதானந்தன் ஓடி வந்தார். கார் வழியில் கொதித்து நின்றுவிட்டதாம். நெடுஞ்சாலை ஓரத்தில் மணிக்கணக்காக நின்றேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு, சம்பந்தியைச் சந்தித்தாயிற்றோ என்று கேட்டார்.

"கவனிச்சுக்கொண்டுதான் நிக்கிறம்," என்றார் தில்லையம்பலம்.

சச்சிதானந்தன் நிழலில் இருந்தவர்களைத் தாண்டிப் போனார். திரும்பியும் பார்க்கவில்லை. நேரே கொட்டகை ஓரத்து வாங்குக்குப் போய், வேலைச் சப்பாத்துக்காரரின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இவர்தான் இராசரத்தினம் அண்ணை, யசிந்தனின்ர தகப்பன். மனுசிக்குக் காய்ச்சலாம், அதால தனிய வந்திருக்கிறார். மிசிசாகாவில ஓவர்டைம் முடிச்சு, மூண்டு பஸ் மாறி வந்தவர். அண்ணை, இவர் பொம்பிளையின்ர தகப்பன்."

"ஓம்," என்றார் இராசரத்தினம். "சந்திச்சனாங்கள்."

தில்லையம்பலத்துக்கு நிலம் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தால் நல்லது போல இருந்தது. கை கும்பிடப் போனது; பாதியில் நின்றது. அந்தக் கையால்தானே பிளேட்டை வாங்கினார். யோகமலர் அவரைப் பார்க்காமல் புல்லைப் பார்த்தாள். காலையில் மகள் சப்பாத்தைப் பார்த்தது போலவே இருந்தது.

இராசரத்தினம்தான் முதலில் வாய் திறந்தார்.

"உங்கட மகள் என்ர மகனுக்கு முதலே சொல்லி வச்சவவாம். அப்பா பதட்டத்தில ஏதாவது செய்வார், சொல்லுவார், மனதில வச்சிருக்க வேண்டாம் எண்டு. நானும் ஆயத்தமாத்தான் வந்தனான்." காற்சட்டைத் தூசியைத் தட்டினார். "ஆனா கையில கிடந்த கொத்து போகுமெண்டு நான் நினைக்கேல்லை."

அவர் சிரிக்கிறாரா என்று தில்லையம்பலம் நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டார். யோகமலர் சொல்லித்தான் பிறகு அவருக்குத் தெரியும், அந்த மனிசர் கொஞ்சம் சிரித்தார் என்று. ஒரு தேத்தண்ணியாவது கொண்டு வா என்று தில்லையம்பலம் பஸ்ரியனைக் கூப்பிட்டார். தேத்தண்ணியும் முடிந்துவிட்டது, கேத்தலில் வெறும் சுடுதண்ணி கிடக்கிறது, அதற்கு ரோக்கன் வேண்டாம் என்று பஸ்ரியன் அங்கிருந்தே சொன்னான்.

தில்லையம்பலம் மெல்ல நிழல் பக்கம் திரும்பினார். இத்தனை நேரமும் கேட்க வெட்கப்பட்ட கேள்வியை இப்போதுதான் கேட்டார்.

"அப்ப நீங்கள் ஆர்?"

அந்த அம்மா கடைசி வாய்க் கொத்துரொட்டியை விழுங்கி, விரல்களைத் துடைத்துக்கொண்டு சொன்னா.

"நாங்கள் அங்கால மூண்டாவது கொட்டகை, தம்பி. அது எங்கட ஊர்ப் பிக்னிக். எங்கட சாப்பாடு பிந்திப்போச்சு; இங்க எங்கட றோஸ் ரோக்கனையும் மாத்திக் குடுக்கினமெண்டு கேள்விப்பட்டு ஊர் முழுக்க வந்து சாப்பிட்டிட்டுது. இப்ப அங்க சாப்பாடு வந்திட்டுதாம், நீங்களும் வாங்கோ. ஆனா உங்கட மஞ்சளை அங்க எடுக்கமாட்டினம்."